பெத்லகேமை மேய்ந்த செவலை

கரிக்கலாம்பாக்கம்,
டிசம்பர் 27

பேரன்பும் மரியாதையும் நிறைந்த ஜோஸ்பின் அக்காவுக்கு,

உன் தங்கை ஆரோக்கியசெல்வி பணிவோடு எழுதிக்கொள்வது. பிறந்திருக்கும் பாலனின் தயவில் நானும் பிரிட்டோவும் இந்த நிமிடம் வரைக்கும் நலமாக இருக்கிறோம். பெங்களூரில் நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘இந்த நிமிடம் வரைக்கும்’ என்று எழுதியதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. அடுத்த நிமிடத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்பது உனக்கே தெரியும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தை நீ முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். முதலில் நல்ல செய்தி. குடிலில் மாதா, சூசையப்பர், பாலன் மூவரும் பத்திரம். மூவர் என்று நான் எண்ணிக்கை போட்டு எழுதியதை நீ கவனித்திருப்பாய். மற்றவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன். தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே.

எனக்குப் பயம் புதிது இல்லை. கிறிஸ்துமஸ் வருகிறது என்றால் எல்லாருக்கும் கேக் வாசனை வரும், எனக்குக் கெட்ட கனவு வரும். தையல்காரர் ஜாக்கெட்டைத் தருவாரா, முறுக்கு பிழியும்போது உடையுமா, பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்பும்போது யாரையாவது மறந்துவிடுவோமா என்று நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாளே தொடங்கிவிடுவேன். ஒவ்வொரு வருடமும் வாசலில் நட்சத்திரம் கட்டும்போது பிரிட்டோ ஏணியிலிருந்து விழுவார் என்று பயப்படுவேன். இந்த வருடம் விழுந்தார். கீழ்ப்படியிலிருந்துதான், அடி ஒன்றும் இல்லை, ஆனாலும் இத்தனை வருடப் பயத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. இதற்கு மேல் இந்த வருடம் பதவி வேறு சேர்ந்துகொண்டது. நம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த அன்பியத்துக்குப் பொறுப்பாளராக இருந்த அம்சவள்ளி அக்கா திருபுவனைக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். புதுப் பொறுப்பாளர் யார் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் எனக்கு வேலை, எனக்கு முட்டி வலி என்று வாய்விட்டுச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டிவிட்டார்கள்.

பொறுப்பாளர் என்றால் ஜெபமாலை சொல்லித்தரும் வேலை என்றுதான் நினைத்தேன். டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிவில் டேனியல் சாமியார், பாலன் பிறந்த கொட்டகையை ஜோடித்துக் காட்டும் குடில் போட்டி அறிவித்தார். அன்பியத்துக்கு ஒரு குடில், அது பொறுப்பாளர் வீட்டில், 23ஆம் தேதி சாயங்காலம் நடுவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றார். டேனியல் சாமியாரை உனக்குத் தெரியாது. போன வருடம் நம் பங்குக்குப் பாதிரியாராக வந்தவர். பூசையில் யாராவது தும்மினால்கூடப் பிரசங்கத்தை நிறுத்தி, தும்மியவர் முடிக்கும்வரை காத்திருப்பார். அந்த அமைதியில் தும்மியவர் செத்துவிடலாம் போலிருக்கும். அவர்தான் ஒரு நடுவர். இன்னொருவர் பாக்யராஜ் டிராயிங் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மாம்பழத்தைப் பார்த்து இது என்ன காய் என்று கேட்டவர். நீ இங்கே இருந்தவரைக்கும் வருடா வருடம் நம் வீட்டுக் குடிலுக்குத்தான் பரிசு. நீ பெங்களூர் போகும்போது அம்மா வாங்கிவைத்த குடில் சுரூபங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாய். ஓர் ஆட்டின் காது உடைந்தால்கூட என் கல்யாண நாளுக்கு வாழ்த்து சொல்லமாட்டேன் என்றாய். ஆகையால் நான் போட்டிக்குப் பயந்தேனா, சாமியாருக்குப் பயந்தேனா, உனக்குப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை.

குடிலை போர்டிகோவில் போட்டேன். நம் வீடு உயரமாக இருப்பதால் மழைத் தண்ணீர் ஏறாது, தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று பிரிட்டோதான் யோசனை சொன்னார். பழுப்புத் தாளைக் கசக்கிப் பெயிண்ட் அடித்து மலை செய்தோம். கண்ணாடி வைத்துக் குளம் செய்தோம். மலைமேல் பனி வைக்க மருந்துக்கடையில் பஞ்சு வாங்கினேன். பெரிய சுருளாகக் கேட்டதும் கடைக்காரர் யாருக்கு அடிபட்டது என்று பதறினார். கரிக்கலாம்பாக்கத்தில் எவனும் பனியைப் பார்த்ததில்லை, ஆனால் பனி இல்லாத குடிலுக்குப் பரிசு கிடைத்ததையும் எவனும் பார்த்ததில்லை. வயல்வெளிக்காக அகலத் தட்டுகளில் கேழ்வரகு விதைத்தேன். நான் படித்த தாவரவியல், கல்லூரியை விட்டபிறகு பயன்பட்ட ஒரே இடம் இதுதான். காலையில் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவேன், வெயில் ஏறினால் உள்ளே, மேகம் போட்டால் மறுபடி வெளியே. நிறைமாசப் பிள்ளைத்தாச்சியைக்கூட எவனும் இப்படிப் பார்த்துக்கமாட்டான் என்றார் பிரிட்டோ. பச்சைப் பசேல் என்று விரற்கடை உயரத்துக்கு வந்தது. கொட்டகைக்குக் கூரை போடுவதற்கும் தரையில் பரப்புவதற்கும் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் வைக்கோல் போரிலிருந்து இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன். கதையின் எல்லா வினையும் அந்த வைக்கோலில் இருந்துதான் புறப்பட்டது.

கஸ்தூரியை உனக்கு நினைவிருக்கும். நாங்கள் வீடு கட்டிய மனை அவர்கள் நெல் வயலாக இருந்தது. பிளாட் போட்டு விற்றதும் தெருவில் எல்லாரும் கிராவல் கொட்டி மனையை உயர்த்தினார்கள், நாங்களும் உயர்த்தினோம். அவர்களுடைய பழைய வீடும் மாட்டுக்கொட்டகையும் மட்டும் பள்ளத்தில் நின்றுவிட்டன. அதிலிருந்து மழைக்காலம் வந்தால் நம் போர்டிகோவில் விழுகிற தண்ணீர் நேரே அவள் கொட்டகைக்குப் போய்விடுகிறது. இத்தனை மழைக்காலத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்குத் தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்புவேன், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இன்னா குழம்பு என்று கேட்டுக்கொள்வோம், தண்ணீர் பேச்சு மட்டும் வராது. சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இவள் எதையும் கேட்காமல் இருக்கிறாளே, என்றைக்குச் சேர்த்துவைத்துக் கேட்கப்போகிறாள் என்று மேகம் கறுக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அவள் கொட்டகையை எட்டிப் பார்ப்பேன். அவளிடம் செவலை என்று ஒரு பசு. கன்றாக இருக்கும்போதே தாய் செத்துப்போய், பாட்டிலில் பால் ஊட்டி அவள் வளர்த்தது. அவள் ரேஷன் கடைக்குப் போனால் அதுவும் பின்னாலேயே போய் வரிசையில் நிற்கும். இந்த மாதம் அதற்குத் தலையீத்து. முதல் கன்று நல்லபடியாக விழவேண்டுமே என்று அவள் கார்த்திகையிலிருந்தே ஐயனாருக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ மாடு என்றாலே பயம், அதிலும் அவள் மாடு என்றால் இரண்டு பயம்.

22ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை 23 சாயங்காலமாகியும் விடவில்லை. புயல் கடலூருக்கா மரக்காணத்துக்கா என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் குடில்மேல் தண்ணீர் தெறிக்காமல் இருக்கத் தார்ப்பாய் கட்டி, சுரூபங்களை அதனதன் இடத்தில் வைத்து, கிறிஸ்துமஸ் ராத்திரிதான் குடிலுக்கு வரவேண்டிய பாலனை மட்டும் வழக்கப்படி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சீரியல் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அது பாட்டு பாடுகிற சீரியல் லைட். கடையில் கேட்கும்போது இனிமையாகத்தான் இருந்தது. வீட்டில் மூன்றாவது தடவை கேட்டதும் தலைவலி வந்துவிட்டது. பிரிட்டோ ஷிப்ட் முடிந்து திருபுவனையிலிருந்து வரும் வழியில் தண்ணீரில் பஸ் நின்றுவிட்டது என்று போன் செய்தார். சரி, நடுவர்களையும் நான் தனியாகத்தான் சந்திக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, காப்பிக்குப் பால் காய்ச்ச உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால், அக்கா, செவலை போர்டிகோவில் நின்று வயல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது.

அதன் மேல் என்ன தப்பு சொல்வது? அதன் கொட்டகையில் தண்ணீர். அதன் வீட்டு வைக்கோல் வாசனை என் வீட்டிலிருந்து வருகிறது. நேரே வந்துவிட்டது. கேழ்வரகுத் தட்டுகள் மூன்றும் வழித்த மாதிரி காலி. மலையில் ஒரு பாதியைக் காணோம். பனி அதன் மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அது திரும்பிப் பார்த்துவிட்டுக் கூரையைச் சாப்பிட ஆரம்பித்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வந்தேனே தவிர, அதன் கொம்புக்கும் எனக்கும் நடுவில் நான் வைத்திருந்த தூரத்தில் அந்தத் துடைப்பம் தரையைத்தான் தொட்டது. போ போ என்று தரையைப் பெருக்கிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் அந்த சீரியல் லைட் விடாமல் பாடுகிறது. அப்போது கஸ்தூரி முழங்கால் வரைக்கும் சேறோடு ஓடிவந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது குடிலை. ஐயோ, உங்க சாமி கொட்டாய இப்படிப் பண்ணிடுச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துச் செவலையைத் தெருவுக்கு இழுத்தாள். இழுத்துக்கொண்டு போனவள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“செல்வி, கொட்டா பூரா தண்ணி. இது இன்னிக்கே கன்னு போட்டுடும் போலக்கீது. எங்க வூட்டுக்காரரு டாக்டர கூப்பிட வில்லியனூர் போனவரு, ரோட்டுல தண்ணியாம், வர முடியல. உங்க போர்டிகோவுல கட்டிக்கட்டா?”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அக்கா, இன்னிக்கு ஜட்ஜ் வராங்க.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கமான பயம் வந்திருக்கும், நான் சமாளித்திருப்பேன். அவள் மாட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எவ்ளோ நேரம் இருப்பாங்க? அவங்க போறவரைக்கும் இத ரோட்டுல புடிச்சிக்கினு நிக்கறேன்.”

சொன்னபடியே நின்றாள். முந்தானையை எடுத்து மாட்டின் முதுகில் போட்டாள், அதில் எவ்வளவு மழை நிற்கும். செவலை ஒருமுறை முதுகை வளைத்து முனகியது. நான் துடைப்பத்தோடு என் குடிலுக்குக் காவல் நிற்கிறேன். சின்ன வயசிலிருந்து எத்தனை குடில் ஜோடித்திருக்கிறோம் நீயும் நானும். இடையர்களுக்குச் சுரூபம் உண்டு, ராஜாக்களுக்கு உண்டு, அவர்கள் ஏறிவந்த ஒட்டகத்துக்கு உண்டு. பிள்ளைத்தாச்சி மாதாவுக்கு இடமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திய அந்தச் சத்திரக்காரனுக்கு மட்டும் யாரும் சுரூபம் செய்வதில்லை. நம் செட்டிலும் கிடையாது. அன்றைக்கு என் குடிலில் அந்தக் குறை இல்லை. ஆள் உயரத்துக்கு, நைட்டியோடு, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தான். அந்தத் தண்ணீர் என் மனையிலிருந்து போன தண்ணீர் வேறு. அதை நினைத்ததும் எனக்கு வந்த பயம் சாமியாரைப் பற்றியது இல்லை, உன்னைப் பற்றியதுகூட இல்லை. நான் யார் என்று எனக்கே தெரிந்துவிட்ட பயம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கட்டுங்கக்கா, உள்ள கொண்டாந்து கட்டுங்க என்று கேட்டைத் திறந்துவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் மாட்டுக்குக் கேட்டுவிட்டது, அவளுக்கு முன்னால் அது ஏறிவந்தது.

மாதாவையும் சூசையப்பரையும் தூக்கி ஜன்னலில் வைத்தேன். மற்றவர்களை எடுப்பதற்குள் செவலை சுற்றிவந்து வாலை வீசியது. சாம்பிராணி கொண்டுவந்த ராஜா குளத்தில் விழுந்தார். தலை தனியாகக் குளத்தின் மறுகரைக்குப் போனது. பிறகு செவலை ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. சீரியல் லைட்டின் சுவிட்சு சுவரோரம் இருந்தது, அதற்கும் எனக்கும் நடுவில் முழு மாடு. ஆகையால் பாட்டு நிற்கவில்லை. இந்த நேரத்தில்தான் இரண்டு குடைகள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தன. டேனியல் சாமியார் வெள்ளை அங்கியைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பாக்யராஜ் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குடிலை இடமிருந்து வலமாகப் பார்த்தார். கான்செப்ட் நன்றாக இருக்கிறது, தெருவில் வெள்ளம்கூடத் தத்ரூபமாக இருக்கிறது, பசுவை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அதற்குள் கஸ்தூரியின் முகம் மாறிவிட்டது. பன்னீர்க்குடம் உடைந்து, கன்றின் குளம்பு தெரிந்தது. ஒரு குளம்பு. இரண்டு முன்னங்காலும் நடுவில் மூக்கும் சேர்ந்து வரவேண்டுமாம். ஒரு கால் உள்ளே மடங்கிக்கொண்டது. இப்படியே விட்டால் கன்றும் போய்விடும், தாயும் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை, என் கையைப் பிடித்தாளே, அந்தப் பிடியில் தெரிந்தது. அந்தக் கை அவள் மாட்டுக்கு வேண்டிய கை. அது நடுங்கியது. உலகத்தில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. எண்ணெய் கேட்டாள். முறுக்கு சுடுவதற்கு வாங்கிவைத்த எண்ணெயைப் பாத்திரத்தோடு கொண்டுவந்தேன். முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டு, சாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாமி, கொடைய வெச்சிட்டு இந்தக் கால புடிங்க. நான் சொல்றப்ப மட்டும் இழுங்க. செல்வி, நீ தலைய புடி.”

தும்மலுக்கே பிரசங்கத்தை நிறுத்துகிறவர் சரிம்மா என்று அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு சாணியில் மண்டிபோட்டார். மாஸ்டரைத் தண்ணீர் சுடவைக்க அனுப்பினார்கள், அவர் என் சமையலறையில் அடுப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் தலையைப் பிடித்தேன். மாட்டின் தலை, அக்கா, நான். கொம்பு என் தோளில் இடிக்கிறது, மூச்சு என் கழுத்தில் சுடுகிறது. அதன் கண்ணைப் பார்த்தேன். பெரிய கண். அதில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு, தினமும் தலைவாரும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான். “பயப்படாதடி” என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் இதை யாருக்கும் சொன்னதில்லை, எல்லாரும் எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாலன் பிறந்த ராத்திரியில் இடையர்களிடம் வானதூதர் வாயைத் திறந்ததும் முதலில் சொன்னது இதைத்தானே. அவருக்கும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் உதறியிருக்குமோ என்று அப்போது தோன்றியது. பயப்படாதடி, பயப்படாதடி என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே நடுங்குகிறேன், அதுவும் நடுங்குகிறது, சீரியல் லைட் பாடுகிறது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கஸ்தூரி மடங்கின காலை உள்ளேயே நேர்ப்படுத்தி வெளியே கொண்டுவந்தாள், இப்ப சாமி என்றாள், அவர் இழுத்தார், விடுங்க என்றாள், விட்டார், மறுபடி இப்ப என்றாள். கன்று ஈரத் துணி மூட்டை மாதிரி வந்து வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. அவள் மூக்கைத் துடைக்கத் துணி தேடினாள், கைக்குக் கிடைத்தது என் பனி. மலையில் மிஞ்சியிருந்த பஞ்சையெல்லாம் பிய்த்து அதன் மூக்கையும் வாயையும் துடைத்தாள். சாமியார் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினார், அவள் கூரையிலிருந்து வைக்கோலைப் பிடுங்கி முதுகைத் தேய்த்தாள். மாஸ்டர் வெந்நீர்க் குண்டானோடு வாசற்படியில் நின்றுவிட்டார். அப்புறம் கன்று தும்மியது. டேனியல் சாமியார் ஒரு தும்மலுக்குச் சிரித்ததை நம் பங்கிலேயே நான்தான் முதலில் பார்த்தேன். கிடாரிக் கன்று. செவலை எழுந்து, என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அதை நக்கப் போய்விட்டது.

அவர்கள் கை கழுவிக் காப்பி குடித்தார்கள். சாமியார் புறப்படும்போது குடில் இருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மார்க் போட ஒண்ணும் மிச்சமில்லையேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். போனபிறகு நானும் கஸ்தூரியும் சுவரோரம் வைக்கோலில் உட்கார்ந்தோம். எனக்குள்ளே எதுவோ அவிழ்ந்துவிட்டிருந்தது. அக்கா, இந்தத் தண்ணி எங்க மனையிலேர்ந்துதான் உங்க கொட்டாய்க்கு வருது, இத்தனை மழைக்கும் நீங்க ஏன் கேக்கல என்று அவளிடம் கேட்டேவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“இன்னாடி சொல்ற? தண்ணி நிக்கிற பள்ளத்த மனைன்னு வித்து எங்க தலையில கட்டிட்டீங்களேன்னு நீ என்னிக்காவது வந்து கேப்பன்னு பயந்துக்கினு நான் வாயே தொறக்கல.”

வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இன்னா குழம்பு என்று கேட்டுக்கொண்ட ஒவ்வொரு நாளும் அவளும் நடுங்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். முதலில் அவள் சிரித்தாள். பிரிட்டோ நனைந்து வந்து சேர்ந்தபோது, மாடும் கன்றும் உடைந்த பெத்லகேமுமாக, நடுவில் இரண்டு பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்ச் சுவிட்சை அணைத்தார். மறுநாளே அவரும் கஸ்தூரியின் வீட்டுக்காரர் சுப்புராயன் அண்ணனும் மண்வெட்டி எடுத்து, தண்ணீர் பக்கவாட்டில் வாய்க்காலுக்குப் போகிற மாதிரி வெட்டிவிட்டார்கள். மழையிலேயே வெட்டியதால் பிரிட்டோவுக்கு ஜலதோஷம்.

கொட்டகை காயும்வரை செவலை இங்கேதான். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்து பாலனை எடுத்து எங்கே வைப்பது என்று யோசித்தேன். குடில் என்று ஒன்று இருந்தால்தானே. மாதாவையும் சூசையப்பரையும் இறக்கி, கன்று படுத்திருந்த வைக்கோல் ஓரத்தில் வைத்தேன், பாலனை நடுவில் வைத்தேன். கன்று வந்து மோந்து பார்த்தது. ஜாக்கெட் வரவில்லை, பழைய புடவைதான். எண்ணெய் போனதால் முறுக்கு பாதியோடு நின்றுவிட்டது, கேக் செய்ய மறந்தே போனேன். கஸ்தூரி சீம்பால் காய்ச்சி வெல்லம் போட்டுக் கொண்டுவந்தாள். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் நினைத்தேன், இந்தப் பண்டிகையை நான் இத்தனை வருஷமும் ஒரு பரீட்சை மாதிரி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரோ வந்து பார்ப்பார்கள், யாரோ மார்க் போடுவார்கள் என்று வாசலையே ஜோடித்துக்கொண்டிருந்தேன். வரவேண்டியவர் வந்தபோது அந்த ஜோடனைக்குக் காவல் நின்று அவரைத் தெருவில் நிறுத்தியிருந்தேன். நல்லவேளை, மாடு முந்திக்கொண்டது. அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், இப்போது எனக்குப் பயமே இல்லை. சாமியாரைப் பார்த்தால் பயம் இல்லை, மழைக்குப் பயம் இல்லை, மாட்டுக்குக்கூட அவ்வளவாக இல்லை. இனிமேல் போட்டி, பரிசு எதுவும் எனக்கு வேண்டாம். அந்த நிம்மதியில்தான் இதையும் எழுதத் துணிந்தேன்: ஒட்டகம் இல்லை. ஆடுகளில் இரண்டைக் காணோம், செவலையைச் சந்தேகிக்கிறோம், தண்ணீர் வடிந்ததும் வந்த மாட்டு டாக்டர் கவலைப்பட வேண்டாம் என்றார். வானதூதருக்கு ஒரு சிறகுதான். ராஜாவின் தலையை பிரிட்டோ பசை போட்டு ஒட்டினார், அவசரத்தில் முகம் முதுகுப் பக்கம் போய்விட்டது. வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் முழங்கால் வலி குறைய தினமும் வேண்டிக்கொள்கிறேன். புது வருடம் உங்கள் இருவருக்கும் கலங்காத மனசும் நல்ல தூக்கமும் கொண்டுவரட்டும். பாலனின் கை உங்கள் வீட்டுக் கூரைமேல் இருக்கட்டும். பிரிட்டோ தும்மலுக்கு நடுவே விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். பொங்கலுக்கு நீ வரும்போது கன்றுக்குப் பெயர் வைக்கலாம் என்று காத்திருக்கிறோம்.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஆரோக்கியசெல்வி

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் டேனியல் சாமியார் போன் செய்தார். கன்று பிறந்ததும் பாக்யராஜ் மாஸ்டர் போட்டோ எடுத்து எங்கெங்கோ அனுப்பியிருக்கிறார். நம் குடிலுக்குத்தான் முதல் பரிசாம். அதோடு நிற்கவில்லை. ஜனவரி முதல் வாரத்தில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று மறைமாவட்டத்திலிருந்து பெரிய சாமியார்கள் ஒரு குழுவாக வந்து பார்க்கிறார்களாம். எல்லாம் போட்டோவில் இருக்கிற மாதிரியே இருக்கவேண்டுமாம், பசு, கன்று, வைக்கோல், எல்லாம். சாமியாரே பயந்தமாதிரி அதை இரண்டு தடவை சொன்னார். தெருவில் அந்த வெள்ளத்தையும் ஏதாவது ஏற்பாடு செய்யமுடியுமா என்று மாஸ்டர் கேட்கிறார். நான் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், பயத்தில் சத்தம் வரவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கஸ்தூரியிடம் சொன்னதிலிருந்து அவள் செவலையை இரண்டு தடவை குளிப்பாட்டிவிட்டாள். கன்று அவர்கள் முன்னால் சாணி போட்டுவிட்டால் இன்னா பண்றது, பெரிய சாமிங்க வந்தா எந்தப் பக்கம் நிக்கறது, எந்தப் புடவை கட்டறது என்று கேட்டுக் கேட்டு, இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக்கீது செல்வி என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பொங்கல் வரைக்கும் காத்திருக்காதே, உடனே புறப்பட்டு வா. பயமே இல்லை என்று மேலே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், அதை நீயே அடித்துவிடு. இவள் என் கையை விடமாட்டேன் என்கிறாள், நானும் விடுவதாக இல்லை.